காய்ந்த பிரஷ்

அவருக்கு முறையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது எங்கேயோ ஒரு அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி அவர் எல்லோருக்கும் ஏணிதான். ஆள் நல்ல உயரம், ஒல்லி, தொழில் பெயிண்டிங். இப்படி ஒருவருக்கு வேறு பெயர் வைத்தால்தான் ஆச்சரியம். வீட்டில் மனைவி கூப்பிடுவது 'ஏங்க'. தள்ளி நின்று கேட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் காதில் விழும். எதைச் சொன்னாலும் அவர் திரும்பிப் பார்த்துவிடுவார்.

அவருடைய கூட்டாளி குட்டை. இரண்டு பேரும் ஒன்றாகத் தொழிலுக்கு வந்து, ஒரே டப்பாவில் பிரஷ் தோய்த்து வளர்ந்தவர்கள். ஜன்னலுக்குக் கீழே குட்டை, ஜன்னலுக்கு மேலே ஏணி, சீலிங் மொத்தமும் ஏணி. இதை அவர்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. இரண்டு உடம்பையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் முடிவு தானாகத் தெரிந்தது.

அப்படிப்பட்ட ஏணிக்கு ஒரு காலையில் வலது கை காதுக்கு மேல் போகவில்லை. சட்டை மாட்டும்போது பாதியில் நின்றுவிட்டது. மனைவி வந்து, பிடிவாதம் பிடிக்கிற ஜன்னலைத் திறப்பதுபோல் இழுத்துப் பார்த்தார். ஏணி போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். தோள்பட்டை இறுகிப்போயிருக்கிறது, மருந்து பாதி, பயிற்சி பாதி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

வலி வந்த நேரம் சரியில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்தில் சீலிங் வேலை வந்திருந்தது. பழைய கட்டிடம். சீலிங் முழுக்கச் சுண்ணாம்பில் செய்த பூவும் இலையுமாக இருக்கும். ரோலர் உள்ளே போகாது, கையால்தான் ஒவ்வொரு இதழாக அடிக்க வேண்டும். ஏணி வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட மாதிரியான சீலிங். பள்ளிக்கு விடுமுறை விட்டதும் ஆரம்பிக்க வேண்டும். ஏணியால் முடியாவிட்டால் மெஷினால் பீய்ச்சி அடிக்கிற கோஷ்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் மேஸ்திரி. அவர்கள் அடித்தால் பூ எது இலை எது என்று தெரியாமல் எல்லாம் மாவு பூசியதுபோல் ஆகிவிடும். குட்டை சும்மா இருப்பாரா? ஏணிக்குச் சளி, பெயிண்ட் வாசம் கொஞ்ச நாளைக்கு ஆகாது, வேறொன்றுமில்லை என்று மேஸ்திரியிடம் அடித்துவிட்டார்.

ஆக, விடுமுறைக்குள் கை மேலே போக வேண்டும். அதற்குப் பயிற்சி செய்தாக வேண்டும். கதையே அங்கேதான் சிக்கிக்கொண்டது.

பயிற்சி சொல்லிக்கொடுக்கிற இடத்தில் ஒரு நீளமான ஹால். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. முழங்கால்காரர்கள், முதுகுக்காரர்கள், கழுத்தில் பட்டை கட்டியவர்கள் என்று ஒரு கூட்டமே அங்கே நெளிந்துகொண்டிருந்தது. சொல்லிக்கொடுக்கிற டாக்டரம்மாவுக்கு ஏணியின் மகள் வயதுதான் இருக்கும்.

"கையை மேல தூக்குங்க சார். வலிக்கிற இடம் வந்ததும் இன்னும் ஒரு துளி."

ஏணி தூக்கினார். கண்ணாடிக்குள் ஒரு நெட்டை மனிதன், வகுப்பில் பதில் தெரியாமல் கை தூக்கிய பையன் மாதிரி நின்றான். அவனுக்குப் பின்னால் முழங்கால்காரர்கள் எல்லோரும் தன்னையே பார்ப்பதாக ஏணிக்குத் தோன்றியது. கை அப்படியே காதோரம் போய், தலையைச் சொறிந்துவிட்டு இறங்கிவிட்டது.

"தலை அரிக்குதா சார்?"

"லேசா" என்றார் ஏணி.

இதைக் கேட்டு அவரைக் கூச்ச சுபாவம் உள்ளவர் என்று நினைத்துவிடாதீர்கள். கடைவீதி நடுவே கயிற்றில் தொங்கிக்கொண்டு, கிழிந்த பனியனோடு, உரக்கப் பாடிக்கொண்டே பெயிண்ட் அடித்தவர் அவர். கீழே ஊரே போகும், வரும். ஒரு நாளும் அவருக்கு ஒன்றும் தோன்றியதில்லை. கையில் பிரஷ் இருந்தால் அவர் பெயிண்டர். பிரஷ் இல்லாமல் அதே கையை அதே மாதிரி ஆட்டினால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்தது எழுந்திருக்கவே இல்லை.

வீட்டில் செய்யலாம் என்று பார்த்தார். மனைவி பேக்கரியில் காலை ஷிப்ட் பார்க்கிறவர், சீக்கிரமே கிளம்பிவிடுவார். அவர் போன பிறகு ஏணி ஜன்னலோரம் நின்று மெல்லக் கையைத் தூக்கி இறக்கினார். எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, மரியாதையாகப் பதிலுக்குக் கையை ஆட்டினார். ஏணி தூக்கத் தூக்க அந்த அம்மாவும் விடாமல் ஆட்டினார். அந்த நேரம் பார்த்து, மறந்துபோன குடையை எடுக்க மனைவி திரும்பி வந்தார்.

"ஏங்க, யாருக்கு டாட்டா காட்டுறீங்க?"

வீட்டுப் பயிற்சி அத்தோடு முடிந்தது.

அடுத்து பூங்கா. காலையில் போனால் மரங்களுக்கு நடுவே மறைவாக ஓர் இடம் கிடைக்காமலா போகும் என்று நினைத்தார். கிடைத்தது. ஆனால் அவர் கையைத் தூக்குகிற சமயம் பார்த்து யாராவது நடந்து வருவார்கள். தூக்கிய கையைச் சும்மா இறக்கினால் சந்தேகம் வருமே என்று கைக்கு எட்டுகிற கிளையிலிருந்து ஓர் இலையைப் பறித்துக்கொள்வார். திருட்டு முழி முழித்துக்கொண்டே பயிற்சி செய்துவிட்டு, பை நிறைய இலையோடு வீட்டுக்கு வந்தார். "இது எதுக்கு மருந்து?" என்று மனைவி உண்மையாகவே கேட்டார்.

ஒரு நாள் ஏணி, குட்டையின் வீட்டில் கொடுக்க வேண்டிய காலி டப்பாவையும் பிரஷ்ஷையும் தூக்கிக்கொண்டு பூங்கா வழியாகப் போனார். சுற்றுச்சுவர் பக்கம் கால் நின்றது. நீளமான சுவர். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து, இப்போது தூசியும் புகையும் ஏறி டீ நிறத்துக்கு வந்திருந்தது. ஏணி டப்பாவைக் கீழே வைத்தார். காய்ந்த பிரஷ்ஷை எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து மேலே ஒரு இழுப்பு இழுத்தார். நடந்து போனவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். மறுபடி இழுத்தார். தோள் முணுமுணுத்தது. இன்னும் ஒரு துளி மேலே. ஒரு காக்கா கூட அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. டப்பாவில் ஒரு சொட்டு பெயிண்ட் கிடையாது, பிரஷ் எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது, ஆனால் உலகத்தின் கண்ணுக்கு ஒரு பெயிண்டர் தன் வேலையைப் பார்க்கிறார். அன்றிலிருந்து தினமும் கறை படிந்த சட்டையை மாட்டிக்கொண்டு, டப்பாவும் கையுமாக வந்துவிடுவார். பாட்டு கூடத் திரும்பி வந்துவிட்டது.

சுவர் ஓரமாகத்தான் நடைபாதை. அதில் தினமும் வருகிற ஓர் அம்மாவை ஏணி கவனித்தார். நாற்பதைத் தாண்டியவர், நல்ல கனமான உடம்பு. காதில் எப்போதும் போன். நடக்க ஆரம்பித்தால் பேச்சும் ஆரம்பித்துவிடும். ஏணி ஒட்டுக்கேட்கிற ஆள் அல்ல. ஆனால் பிரஷ்ஷுக்குப் பக்கத்திலேயே கதை நடந்துபோனால் காதைக் கழற்றியா வைக்க முடியும்?

"அண்ணி ஃபிரிட்ஜுக்குப் பூட்டு போட்டுட்டாங்களாம்" என்றது முதல் நாள் பேச்சு. மறுநாள், "அண்ணன் வாயையே திறக்கலையாம்." அதற்கு மறுநாள், "சாவியை எடுத்துக்கிட்டு அண்ணி அவங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. உள்ளே நேத்து வாங்கின மீன் இருக்கு."

ஏணி அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இதை மனைவியிடம் சொன்னார். மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அந்த அண்ணி மேல தப்பே இருக்காது. யாரோ ராத்திரி எழுந்து எழுந்து தின்னிருப்பாங்க. இல்லாட்டி யாராவது ஃபிரிட்ஜைப் பூட்டுவாங்களா?" என்று எடுத்த எடுப்பில் தீர்ப்பு சொன்னார். பிறகு தினமும் ஏணி வீட்டுக்குள் நுழைந்ததும் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், "மீன் என்ன ஆச்சு?" என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு காலை அந்தப் போன்காரம்மா போனைச் சற்றே இறக்கிவிட்டு, ஏணியிடம் கேட்டார்.

"அண்ணே, தினமும் அடிக்கிறீங்க. என்ன கலர் இது?"

ஏணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாயில் வந்ததைச் சொன்னார். "இது கலர் இல்லாத கோட்டிங்மா. புதுசா வந்திருக்கு. அடிச்சு, காஞ்சு, அதுக்கப்புறம்தான் கலர் மெல்ல மேல வரும்."

"ஓ. தொட்டா ஒட்டுமா?"

"ஒட்டும், ஒட்டும். ரொம்ப ஒட்டும்."

சொன்ன வாய்க்கு இரண்டு அறை கொடுத்திருக்க வேண்டும். மறுநாள் யாரோ பாதையில் சாக்பீஸால் 'ஈரம்' என்று எழுதி அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். நடக்கிறவர்கள் எல்லோரும் சுவரைவிட்டு விலகி நடந்தார்கள். காய்ந்த பிரஷ் பட்டுத் தூசி உதிர்ந்ததில், சுவரின் கீழ்ப்பகுதி உண்மையாகவே வெளுத்துக்கொண்டு வந்தது. "கலர் வர ஆரம்பிச்சிடுச்சு" என்று ஒருவர் தன் நண்பருக்குக் காட்டினார். ஏணி அசடு வழிந்தார். ஆனால் வெளுப்பு நாளுக்கு நாள் மேலே ஏறியது. முதலில் இடுப்பு, பிறகு தோள், பிறகு தலைக்கு மேலே. கை ஏறுகிறது என்பதற்குச் சுவரே சாட்சி.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார். அவர் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தார். ஏணி பல்லைக் கடித்தார்.

"முன்னாடி நல்லா போகுது சார். பின்னாடி போகவே இல்லையே. நீங்க சீலிங் அடிக்கணும்னு சொன்னீங்கல்ல? அண்ணாந்து பார்த்து அடிக்கும்போது கை தலைக்குப் பின்னாடியும் போகணும். பெரிய வட்டமா சுத்துங்கன்னு சொன்னேனே, சுத்துறீங்களா?"

"மேலயும் கீழயும் நிறைய பண்றேன் டாக்டரம்மா."

"முதுகை வளைச்சுத் தூக்கிட்டு, கைதான் போகுதுன்னு நினைக்கிறீங்க. வட்டம் சுத்தாம இது முழுசா விடாது."

வட்டம். முழுக் கையையும் நீட்டி, முன்னால் கொண்டுபோய், மேலே தூக்கி, பின்னால் இறக்கி, காற்றாடி மாதிரி. எந்தச் சுவரை அடிக்கிற பெயிண்டர் கையை அப்படிச் சுற்றுவார்? ஏணி யோசித்து யோசித்துப் பார்த்தார். அதை வேலை என்று யாரும் நம்ப மாட்டார்கள். இதற்குள் பள்ளிக்கு விடுமுறையும் விட்டுவிட்டார்கள். மேஸ்திரி அடுத்த வாரமே நேரில் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டார் என்று குட்டை வந்து புலம்பினார். அந்த ராத்திரி ஏணிக்குப் பயம் வந்தது. ஜன்னலுக்குக் கீழேயே இனிமேல் வாழ்க்கை என்று ஆகிவிட்டால், இத்தனை வருஷம் ஏணி என்று கூப்பிட்டவர்களுக்கு எப்படித் திரும்பிப் பார்ப்பது?

மறுநாள் காலை அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. யோசனை என்றா சொன்னேன்? சப்பைக்கட்டு. பூச்சி விரட்டுகிற மாதிரி சுற்றலாமே! பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, "ச்சூ, ச்சூ" என்று கையை முழுவட்டமாக ஒரு சுற்று சுற்றினார். தோளில் ஏதோ 'களுக்' என்றது, வலியும் சுகமுமாக. இன்னொரு சுற்று. இன்னொன்று.

"குளவியா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

ஏணி பதில் சொல்வதற்குள் அந்தக் குரலே "குளவி, குளவி, ஓடுங்க" என்று பாதை முழுக்கப் பரப்பிவிட்டது. அதுவரை ஆடி அசைந்து நடந்தவர்கள் எல்லோரும் தலையில் துண்டையும் பையையும் போட்டுக்கொண்டு ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அத்தனை நாள் நடையில் குறையாத எடை அன்று ஒரே மூச்சில் குறைந்திருக்கும். போன்காரம்மாவும் ஓடினார். ஓடிய வேகத்தில் வழி தவறிச் சுவரில் போய் முதுகைச் சாய்த்து நின்றார். கையிலிருந்த போன் ஏணியின் காலடியில் விழுந்தது.

ஏணிக்குப் பதற்றம். மறுமுனையில் இருக்கிறவர் பயந்துபோயிருப்பாரே என்று போனை எடுத்துக் காதில் வைத்தார். "ஹலோ, அம்மா பத்திரமா இருக்காங்க. ஒண்ணும் இல்லை. போன் கீழ விழுந்திடுச்சு, அவ்வளவுதான்."

சத்தமே இல்லை. எடுத்துப் பார்த்தார். திரை இருட்டு. போன் அணைந்து கிடந்தது. விழுந்ததில் அணைந்ததோ என்று பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினார். சார்ஜ் இல்லை என்று ஒரு காலி பேட்டரிப் படம் வந்து மறைந்தது.

அதே நேரம் போன்காரம்மா, ஐயோ முதுகெல்லாம் பெயிண்ட் என்று பதறி, உடையை இழுத்துப் பார்த்தார். கொஞ்சம் தூசி, வேறொன்றுமில்லை. சுவரை ஒரு விரலால் தொட்டார். பிறகு உள்ளங்கையால் தடவினார். பிறகு டப்பாவை எட்டிப் பார்த்தார். அதன் அடியில் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"போன்ல யாரும் இல்லையே" என்றார் ஏணி.

"சுவத்துல பெயிண்ட் இல்லையே" என்றார் அந்த அம்மா.

இருவருமே கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றார்கள். முதலில் உடைந்தது ஏணிதான். "தோள்பட்டைக்குப் பயிற்சிங்க. சும்மா கையை ஆட்டினா எல்லாரும் பார்க்கிறாங்க. வெட்கமா இருந்துச்சு."

அந்த அம்மா போனை வாங்கிக்கொண்டார். "நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன் அண்ணே. நாள் பூரா பக்கத்து சீட்ல உட்கார்ந்தே உடம்பு இப்படி ஆகிடுச்சு. முதல் நாள் நடக்க வந்தப்போ ஒவ்வொரு ஆளும் என் உடம்பையே பார்க்கிற மாதிரி இருந்துச்சு. காதுல போனை வச்சேன். பேசிக்கிட்டு நடந்தா, இவங்க பேசத்தான் வந்தாங்கன்னு நினைப்பாங்கல்ல?"

ஏணி மெதுவாகக் கேட்டார். "அப்போ அந்த மீன்?"

"மீனே கிடையாது அண்ணே. அண்ணியே கிடையாது. நான் வீட்டுக்கு ஒரே பொண்ணு."

"என் வீட்டுக்காரி அந்த அண்ணிக்காக எத்தனை நாள் வாதாடியிருக்கா தெரியுமா?"

"நான் மட்டும்? என்ன கலர் வரப்போகுதுன்னு கார்ல வர்ற பசங்ககிட்ட எல்லாம் பந்தயம் கட்டியிருக்கேன்."

அப்போதுதான் இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், ஏணி டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். சிலந்தி தன் வழியே போய்விட்டது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மா சொன்னார்: "சரி, சுத்துங்க. அந்த வட்டத்தை முழுசா சுத்துங்க."

"ஓடினவங்க எல்லாம் திரும்பி வர்றாங்க பாருங்க."

"வரட்டும். நம்மளால ஊரே ஓடிடுச்சு. இதுக்கு மேல நமக்கு என்ன மானம் மிச்சம் இருக்கு? நானும் சுத்துறேன்."

அந்த அம்மா போனைப் பையில் போட்டார். ஏணி பிரஷ்ஷைக் கீழே வைத்தார். வெறும் கை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் தவித்தார். பிறகு நீட்டி, தூக்கி, பின்னால் இறக்கி ஒரு சுற்று சுற்றினார்.

யாரும் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தார்கள். நன்றாக நின்று பார்த்தார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரை இடித்துக் காட்டினார். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏணியின் காது இரண்டும் சுட்டது. "குளவி போயிடுச்சா?" என்று ஒரு பெரியவர் தள்ளி நின்றே கேட்டார்.

"குளவி இல்லீங்க. எக்சர்சைஸ்" என்றார் ஏணி.

"அப்படியா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மற்றவர்களும் அவரவர் வழியே போனார்கள். அவ்வளவுதான் நடந்தது. காது ஆறியது, கை சுற்றிக்கொண்டே இருந்தது. இதற்குப் போய் இத்தனை நாள் சுவரைச் சுரண்டினோமே என்று ஏணிக்கு ஒரு பக்கம் கோபம், மறு பக்கம் சொல்ல முடியாத சந்தோஷம். வீட்டுக்குப் போய் மனைவியிடம் மீன் விஷயத்தை உடைத்தார். மனைவிக்கு மகா கோபம். அன்று முழுக்க அண்ணியை இழந்த துக்கத்தில் சரியாகப் பேசக்கூட இல்லை. மறுநாள் காலையில், "சும்மாவாவது ஒரு முடிவு சொல்லச் சொல்லுங்க" என்று கேட்டு அனுப்பினார்.

மேஸ்திரி வருகிற நாள் வந்தது. கூடத்தின் நடுவில் சாரம் கட்டியிருந்தது. கீழே மேஸ்திரி, பள்ளியின் தலைமையாசிரியை, மேசை நாற்காலிகளை நகர்த்த வந்தவர்கள், எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். குட்டை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

ஏணி சாரத்தில் ஏறினார். பிரஷ்ஷை எடுக்கவில்லை. நடுவில் கால் அகட்டி நின்று, கூடம் மொத்தமும் பார்க்க, இரண்டு கையையும் நீட்டிப் பெரிய வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தார். முன்னால் சில சுற்று, பின்னால் சில சுற்று.

"என்னய்யா பண்றீங்க?" என்றார் மேஸ்திரி.

"எக்சர்சைஸ். ஒரு நிமிஷம் இருங்க."

டீ குடிக்கிறேன் என்று சொல்வதுபோல்தான் சொன்னார். அவசரமில்லாமல் முடித்துவிட்டு, பிரஷ்ஷைத் தோய்த்து, அண்ணாந்து, தலைக்குப் பின்னால் இருந்த பூவின் முதல் இதழில் வைத்தார். கை போனது. இதழின் ஓரம் வரைக்கும் போய், வளைவோடு வளைந்து, சுத்தமாகத் திரும்பி வந்தது. மேஸ்திரி ஒரு இதழ் முடிகிறவரை பார்த்தார், இரண்டாவது இதழ் முடிகிறவரை பார்த்தார். "சளி விட்டுடுச்சு போல" என்று மட்டும் சொல்லிவிட்டு, தலைமையாசிரியையோடு வெளியே நடந்தார். ஏணி மேலே பாட ஆரம்பித்துவிட்டார்.

எல்லோரும் போன பிறகுதான் குட்டை தலையை நிமிர்த்தினார். கூட்டாளியின் கையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் ஒருமுறை, ஜன்னல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குனிந்து குனிந்து பிடித்துப்போன தன் இடுப்பை மெல்ல ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.